ஒன்றேகால் டம்ளர்

ஒரு டம்ளர் அரிசியைப் போசியில் கொட்டியதும் பூவாத்தாளுக்குக் கை நின்றுவிட்டது. இரண்டு பேருக்கு ஒரு டம்ளர் அரிசி, கால் டம்ளர் துவரம்பருப்பு. மகள் கல்யாணமாகிப் போன இந்த ஆறு வருடமாக மாறாத அளவு அது. மூன்று பேர் என்றால் ஒன்றரை. முன்னறை நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற நங்கையை, வீட்டுக்காரரின் அக்கா மயிலாத்தாளை, மூன்றாவது ஆளாகச் சேர்ப்பதா வேண்டாமா என்பதுதான் தெரியவில்லை. இந்த வீட்டில் அவர் கை நனைத்து ஒன்பது வருடம் ஆகிறது. ஒன்பது வருடம், ஒரு மாதம், சில நாள். நாளையும் அவளால் சொல்ல முடியும், சொல்ல வேண்டாம். இன்றைக்கும் தானாக வந்தவர் இல்லை. மூலனூரிலிருந்து தாராபுரம் கண் ஆஸ்பத்திரிக்குத் தனியாக வந்தவருக்குச் சொட்டு மருந்து விட்டுவிட்டார்கள். மூன்று மணி நேரத்துக்கு எதுவும் தெளிவாகத் தெரியாது, தனியாக அனுப்ப மாட்டோம் என்று நர்ஸ் பிடிவாதமாகச் சொல்லித் தம்பிக்குப் போன் போட்டு வரவழைத்துவிட்டாள். ஏழே முக்கால் பஸ்ஸுக்குப் போய்விடுவார். அதற்குள் விளக்கு வைக்கிற நேரம் வந்துவிட்டது, சோறாக்குகிற நேரமும் வந்துவிட்டது, வீட்டில் ஆளை வைத்துக்கொண்டு அடுப்பைப் பற்றவைக்காமல் இருக்க முடியுமா. ஒரு டம்ளரோடு நிறுத்திக்கொண்டு, நங்கை பாட்டுக்கு மனசு மாறி எனக்கும் ஒரு கரண்டி போடு என்று வந்து உட்கார்ந்து, சோறு பற்றாமல் போனால் என்ன ஆகும். இவள் அன்றைக்கும் அளந்தாள், இன்றைக்கும் அளந்தாள் என்று ஆகும். ஒன்றரை போட்டு அவர் வேண்டாம் என்று போய்விட்டால் மீந்த சோறு காலை வரைக்கும் அடுப்பு மேடையில் கிடக்கும், எடுத்துக் கொட்டும்போது கை கூசும். அவள் டம்ளரை அரிசிப் பானைக்குள் விட்டாள். எடுத்தாள். பாதியைத் திரும்பப் பானையில் சரித்தாள். கடைசியில் போசியில் விழுந்தது கால் டம்ளர். ஒன்றேகால். யாருக்கும் சேராத ஒரு அளவு. போட்ட பிறகு அதைப் பார்க்கவே அவளுக்கு வெட்கமாக இருந்தது, ஆனாலும் எடுக்கவில்லை, கூட்டவும் இல்லை, தண்ணீரை ஊற்றிக் களைய ஆரம்பித்தாள்.

கண்ணுக்கு விடுகிற மருந்து வாங்கப் போவதற்கு முன்னால் வீட்டுக்காரர் நாச்சிமுத்து சமையலறை வாசலில் வந்து நின்று குரலைத் தணித்துச் சொல்லிவிட்டுத்தான் போனார்.

"எப்பவும் ஆக்கறதையே ஆக்கு புள்ள. பலகாரம் கிலகாரம்னு ஆரம்பிச்சுறாத. அக்காளுக்குத் தெரிஞ்சு போயிரும்."

"என்னங்க தெரிஞ்சு போயிரும்?"

"நாம பயந்துட்டு இருக்கறது."

எப்பவும் ஆக்குவது என்றால் செவ்வாய்க்கிழமை சாயந்திரம் அரிசிம்பருப்புதான். இந்தப் பக்கம் எந்த வீட்டில் கேட்டாலும் அதுதான், அரிசியும் பருப்பும் ஒன்றாய்ப் போட்டு வேகவைத்து, மேலே ஒரு சொட்டு நெய், தொட்டுக்கொள்ள அப்பளமோ தயிரோ. ஒன்றும் தோன்றாத நாளைக்கு ஆக்குவது. அதை ஆக்குவதற்கு இன்றைக்கு இவ்வளவு யோசனை. சின்ன வெங்காயம் பதினெட்டு உரித்தாள். பூண்டு ஒன்பது பல். வரமிளகாய் நான்கு, வேண்டாம், நங்கைக்கு வயிறு ஆகாது என்று யாரோ சொன்ன ஞாபகம், மூன்று போதும். இப்படி எண்ணுவது அவளுக்கு மூச்சு விடுகிற மாதிரி. நாலாவது வரைக்கும்தான் பள்ளிக்கூடம் போனாள், அதில் பிடித்த ஒரே பாடம் கணக்கு, மற்றதெல்லாம் மறந்துபோய் அது ஒன்று மட்டும் உடம்பிலேயே தங்கிவிட்டது. பொறந்த வீட்டில் ஒன்பது வாய். களி கிண்டி உருண்டை பிடிக்கிற வேலை அவளுடையது. ஒவ்வொருவருக்கும் இரண்டு, பதினெட்டு உருண்டை. பிடிக்கிறபோது அளவு கொஞ்சம் தப்பினாலும் கடைசியில் குறைகிறது யாருக்கு என்று அவளுக்குத் தெரியும், எல்லோருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் உட்காருகிற அம்மாவுக்கு. ஒரு நாள் அப்படி ஆயிற்று. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, சட்டியைச் சுரண்டி மோரில் கரைத்துக் குடித்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து எண்ணாமல் இருக்க முடிவதில்லை. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, வீட்டுக்காரரிடம்கூட. சொல்வதற்கு என்ன இருக்கிறது, களி உருண்டைக் கதை. ஆனால் ஒன்பது வருடத்துக்கு முன்னால் அதைச் சொல்லியிருக்க வேண்டுமோ, நங்கையின் பின்னாலேயே பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஓடிப்போய், நங்கை நான் கணக்குப் பார்த்தது மாவுக்கு, உங்க வீட்டுக்கார அண்ணனுக்கு இல்லை என்று கையைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருந்தால். ஓடவில்லை. கல்லின் முன்னால் கரண்டியோடு நின்றாள். கல்லில் இருந்த தோசை கருகியது, அதுகூட ஞாபகம் இருக்கிறது.

"ஏம்புள்ள," முன்னறையிலிருந்து குரல் வந்தது. பூவாத்தாளின் கையிலிருந்த கத்தி தட்டில் விழுந்தது. "மணி என்ன ஆச்சு?"

"ஆறு அம்பதுங்க நங்கை."

"கடியாரம் கடியாரமாத் தெரியுது, முள்ளுத் தெரியல. எல்லாம் பால்ல கெடக்கற மாதிரி கெடக்குது. உன்ற ஊட்டுக்காரன் மருந்து வாங்கப் போனானா, காய்ச்சி எறக்கப் போனானா?"

"இப்ப வந்துருவாருங்க. தண்ணி ஏதாச்சும்..."

"வேண்டாம். ஆசுபத்திரில குடிச்சேன்."

வந்ததும் சொன்னதும் இதேதான், ஆசுபத்திரில குடிச்சேன். எந்த ஆஸ்பத்திரியில் தண்ணீர் கொடுக்கிறார்கள். வெயிலில் வந்தவருக்கு உதடு காய்ந்து கிடந்ததை அவள் பார்த்தாள். பக்கத்தில் சொம்பை வைத்துவிட்டு வந்தாள், அது வைத்த இடத்தில் வைத்த மாதிரி இருக்கும், போய்ப் பார்க்கத் தைரியம் இல்லை. எண்ணெய் காய்ந்தது. கடுகு, சீரகம், மிளகாய், கறிவேப்பிலை, வெங்காயம். வெங்காயம் வதங்குகிற வாசத்தில் அன்றைக்கு இருந்த தக்காளிச் சட்னி வாசம் எப்படியோ வந்து கலந்துகொண்டது. அன்றைக்கும் சாயந்திரம், சொல்லாமல் வந்தவர்கள், மாவு கொஞ்சம்தான் இருந்தது. பதினாறு வரும் என்று கண்ணாலேயே அளந்து வைத்திருந்தாள். மச்சான் சாப்பிடட்டும் என்று வீட்டுக்காரர் தோசையைக் கொண்டுபோய்க் கொண்டுபோய் வைத்துக்கொண்டிருந்தார், நங்கைக்கு இரண்டுதான் போயிருந்தது, அதுதான் அவள் கவலை. முன்னறையில் டிவி ஓடியது, ஃபேன் ஓடியது, உள்ளே மிக்சி ஓடியது, அந்தச் சத்தத்துக்கு மேலே கேட்கவேண்டும் என்றுதான் உரக்கச் சொன்னாள். "அண்ணனுக்கு இதோட ஏழாச்சுங்க." அடுத்தது நங்கைக்கு வையுங்க என்பது பாக்கி. பாக்கியைச் சொல்வதற்குள், ஏழு என்ற சொல் வாயை விட்டுப் புறப்பட்ட அந்த நொடியில், கரண்ட் போயிற்று. டிவி நின்றது, ஃபேன் நின்றது, மிக்சி நின்றது. வீடு முழுக்க அந்த ஏழாச்சுங்க மட்டும் நின்றது. சாப்பிடுகிறவர் காதுபட எண்ணுவதைவிட ஒரு விருந்தாளிக்கு வேறு என்ன செய்துவிட முடியும், அதற்குப் பதில் தட்டைப் பிடுங்கிக்கொள்ளலாம். சென்னியப்ப அண்ணன் பாதித் தோசையைத் தட்டிலேயே விட்டு, தட்டில் தண்ணீர் ஊற்றிக் கை கழுவினார். இருட்டில் அந்தத் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. நங்கையும் எழுந்துவிட்டார். யாரும் சண்டை போடவில்லை. போயிட்டு வர்றோம் என்றுகூடச் சொன்னார்கள்.

அரிசி பருப்பைப் போட்டுத் தண்ணீரை அளந்து ஊற்றிக் குக்கரை மூடி வெயிட்டைப் போட்டாள். மூன்று விசில். இரண்டில் பருப்பு நெறுநெறு என்று நிற்கும், நான்கில் குழைந்து கஞ்சியாகும், மூன்றுதான். விசிலை எண்ணுவது யாருக்கும் பாவமில்லை, அதை மட்டும் எண்ணலாம். ஆனால் எண்ணுவதற்கு மனசு ஒரு இடத்தில் நிற்கவேண்டும். அடுப்பின் நீலத் தீயைப் பார்த்துக்கொண்டு நின்றாள், தீயைக் குறைத்தாள், கூட்டினாள். அண்ணன் செத்து ஐந்து வருடம் ஆகிறது. நெஞ்சு வலி, பத்தே நிமிடம். சாவு வீட்டில் அடுப்பு எரியாது, பொறந்த வீட்டிலிருந்துதான் சோறு போகவேண்டும், இவள்தான் ஆக்கித் தூக்குப் போசிகளில் கொண்டுபோனாள். வந்திருந்தவர்கள் எல்லோரும் சாப்பிட்டார்கள். இரண்டு போசி சாதம், ஒரு போசி ரசம், எல்லாம் காலியாயிற்று. நங்கை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். ஒருத்தி தட்டில் போட்டுக் கொண்டுபோய், உங்க தம்பி ஊட்டுச் சோறு, ரெண்டு வாய் தின்னுங்க என்றபோது, தம்பி ஊட்டுதா என்று கேட்டுவிட்டு, அப்ப வேண்டாம் என்றார். மெதுவாகத்தான் சொன்னார். பூவாத்தாள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள், கேட்டது. பஸ்ஸில் திரும்பி வரும்போது, காலிப் போசிகள் மடியில் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு வந்தபோது, ஒரு எண்ணம் வந்தது. அன்றைக்கு ஏழு என்று வாய் விட்டுச் சொன்னதே அந்த மனுசன் மேல் கண்ணாகப் பட்டுவிட்டதோ. நாலு வருடம் கழித்தா படும். படாது என்று எப்படிச் சொல்வது. அதிலிருந்து வீட்டுக்கு யார் வந்தாலும் அவள் தோசை வார்ப்பதில்லை. உப்புமா கிண்டிவிடுவாள், உப்புமாவை எண்ண முடியாது.

விசில் அடித்தது. ஒன்று. திடுக்கிட்டு ஒரு அடி பின்னால் போனாள். ஒன்று, சரி. முன்னறையில் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. எழுந்துவிட்டாரோ, இப்போதே கிளம்புகிறேன் என்று செருப்பைத் தேடுகிறாரோ, கண் தெரியாமல் வாசற்படியில் தடுக்கிவிட்டால், அந்தப் பழியும் இந்த வீட்டின் மேல்தான் வரும். எட்டிப் பார்த்தாள். நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு அதே மாதிரி உட்கார்ந்திருந்தார். முகம் மட்டும் இப்போது சமையலறைப் பக்கம் பார்த்திருந்தது. சொம்புத் தண்ணீர் அப்படியே இருந்தது. மறுபடியும் விசில் அடித்தது. அது இங்கேயா. பக்கத்து வீட்டுச் சுவரும் இந்த வீட்டுச் சுவரும் ஒன்று, கமலவேணி சாயந்திரமானால் கொள்ளு வேகவைப்பாள், எட்டு விசில் விடுவாள், எந்த விசில் யாருடையது என்று தினமும் தெரியும், இன்றைக்குத் தெரியவில்லை. இன்னொன்று. வெயிட்டின் பக்கத்தில் கையைக் கொண்டுபோனாள், சூடு அடித்தது, எப்போதும்தான் அடிக்கும். இரண்டா. மூன்றா. நிறுத்துவதா. இரண்டில் நிறுத்தி, நங்கை வாயில் வைத்து, பருப்பு பல்லில் கடிபட்டால். நான்காகிக் குழைந்துபோனால் பரவாயில்லை, குழைந்த சோற்றைக் கிழவர்கள் தின்பார்கள், ஆனால் நங்கை சாப்பிடுவார் என்று யார் சொன்னது. சாப்பிடாதவருக்கு எத்தனை விசில் வைத்தால் என்ன. இன்றைக்குப் போனால் இனி அவர் வருவதற்கு இந்த உலகத்தில் காரணம் ஒன்றும் கிடையாது, கண் ஆஸ்பத்திரிகூட மூலனூரிலேயே திறக்கப்போகிறார்கள் என்று சொல்கிறார்கள். எழுபத்திரண்டு வயது. அவளுக்கு அறுபத்து மூன்று. இன்னொரு ஒன்பது வருடத்துக்கு இருவரில் யாரிடமும் ஆயுசு உறுதியில்லை.

"பூவாத்தா."

பேர் சொல்லிக் கூப்பிட்டார். வந்ததிலிருந்து பேர் சொல்லவில்லை.

"என்னங்க நங்கை?"

"எத்தன விசில் ஆச்சு?"

வாயைத் திறந்தாள். இந்த வீட்டில், இந்தச் சமையலறையிலிருந்து, அந்த முன்னறைக்கு ஒரு எண்ணைச் சொல்லவேண்டும். ரெண்டு என்றோ மூணு என்றோ, அவ்வளவுதான். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

"தெரியலீங்க நங்கை."

"தெரியலயா? உனக்கா?" நங்கை மூக்கால் சிரித்த மாதிரி இருந்தது, சிரிப்புத்தானா என்று சொல்ல முடியாது. "மூணாயிருச்சு. நிறுத்து. பக்கத்தூட்டுது கீச்சுன்னு கத்துது, உன்றது பொஸ்ஸுங்குது. கண்ண மூடிட்டு இதையத்தான கேட்டுட்டு உக்காந்திருக்கறேன், வேறென்ன வேல எனக்கு."

அடுப்பை நிறுத்தினாள். அவர் எண்ணிக்கொண்டிருந்தாரா. இந்த வீட்டுச் சோறு வேகிறதை அங்கே உட்கார்ந்து ஒன்று, இரண்டு என்று. ஆவி அடங்குகிற வரைக்கும் என்ன செய்வது என்று தெரியாமல் கழுவின தட்டையே திரும்பக் கழுவினாள். இரண்டு தட்டு. பிறகு மூன்றாவதையும் எடுத்துக் கழுவி, மற்ற இரண்டின் அடியில் மறைத்து வைத்தாள். மூடியைத் திறந்தபோது பின்னால் சுவரைத் தடவிக்கொண்டு வருகிற சத்தம் கேட்டது. நங்கை வாசற்படியைக் காலால் தேடி, தாண்டி, உள்ளே வந்துவிட்டார். கண்ணின் கருமணி இரண்டும் பெரிதாய் விரிந்து, எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தன. கிட்டே வந்து, ஆவியில் முகத்தைக் காட்டி, ஒரு மூச்சு இழுத்தார். அப்புறம் வலது உள்ளங்கையைக் குழித்து நீட்டினார். அடுப்புக்குப் பக்கத்தில் நிற்கிற எந்தப் பெண்பிள்ளையும் யோசிக்காமல் நீட்டுகிற மாதிரி. அவளும் யோசிக்காமல்தான் கரண்டி நுனியில் கொஞ்சம் எடுத்து அந்தக் கையில் வைத்தாள். அவர் ஊதினார். நக்கினார்.

"உப்பே போடல புள்ள நீ."

அப்புறம்தான் இரண்டு பேருக்கும் தெரிந்தது. நங்கையின் கை அந்தரத்தில் அப்படியே நின்றது, நாக்கு ஒரு தரம் உதட்டைத் துழாவி நின்றது. பூவாத்தாள் கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். இது கணக்கில் சேருமா. ஒரு சிட்டிகைச் சோறு, உள்ளங்கையில் வாங்கி, நின்றுகொண்டே. இது சாப்பிட்டதாகுமா, ருசி பார்த்ததாகுமா. உப்பு. உப்பைப் போடவே இல்லை. வெங்காயத்தை எண்ணினாள், பூண்டை எண்ணினாள், மிளகாயில் ஒன்றைக் குறைத்தாள், முப்பத்தெட்டு வருடமாய் இந்த வீட்டில் சோறாக்குகிறவள் உப்பை விட்டுவிட்டாள். இப்போது அவர் திரும்பி நடந்துவிட்டால் ஒன்றும் சொல்வதற்கில்லை, அவர் பேரில் தப்பும் இல்லை, உப்பில்லாத சோற்றை யார் தின்பார்கள். நங்கை திரும்பினார். ஆனால் வாசல் பக்கம் இல்லை. அடுப்பு மேடையைக் கையால் துழாவினார், எண்ணெய்த் தூக்கைத் தொட்டார், விட்டார், பீங்கான் ஜாடியைத் தொட்டு மூடியைத் திறந்தார், கல்லுப்பை மூன்று விரலால் அள்ளிக் கையில் நிறுத்துப் பார்த்தார், குக்கரில் தூவினார். இன்னும் கொஞ்சம் அள்ளினார்.

"கரண்டியக் குடு."

வாங்கிக் கிளறினார். அடி வரைக்கும் விட்டு, அமுக்காமல், ஓரத்திலிருந்து நடுவுக்கு. கிளறிவிட்டுக் கரண்டியைத் திரும்ப அவள் கையில் கொடுத்து, அங்கேயே சமையலறைத் தரையில், கையை ஊன்றி மெதுவாக உட்கார்ந்தார்.

"இங்கயே போடு. அந்த ரூம்புல வேண்டாம்."

அவள் அடியில் இருந்த தட்டை உருவி எடுத்தாள். போட்டாள். நெய் விட்டாள். நங்கை குனிந்து சாப்பிட்டார். சத்தமில்லாமல், வேகமாக. பசி. காலையிலிருந்தே ஒன்றும் சாப்பிடவில்லை போலிருக்கிறது. பூவாத்தாள் சுவரோடு ஒட்டி நின்றாள், இது நடக்கிறது, நிஜமாகவே நடக்கிறது, வீட்டுக்காரர் வந்து பார்க்கவேண்டுமே, வரக்கூடாதே, வந்து ஏதாவது பேசிக் கெடுத்துவிடக்கூடாதே.

"உம்மொகம் எனக்குத் தெரியல," என்றார் நங்கை, தட்டைப் பார்த்தபடி. "அதனாலதான் சொல்ல வருது. அன்னைக்குப் பஸ்ஸுல அவரு சிரிச்சுட்டுத்தான் வந்தாரு. ஏழு தின்னுருக்கறேன் மயிலு, எனக்கே தெரியல பாருன்னு. ஏன் அப்படி எந்திரிச்சீங்கன்னேன். வெக்கமாப் போச்சுன்னாரு. கோவமில்ல புள்ள, வெக்கம்."

நங்கை இன்னொரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டார்.

"எனக்குத்தான் ஆறல. எம்பொறந்தூட்டுல என்ற புருசன எண்ணிப்புட்டாங்களேன்னு. நாச்சிமுத்தூட்டுக்கு ஒரு எட்டுப் போயிட்டு வரலாமான்னு மூணு தடவ கேட்டாரு. அந்தப் புள்ள கையில தோச நல்லா இருக்குமுன்னாரு. போவேண்டாம்னு நாந்தான் சொன்னேன். அப்பறம் கேக்கறதுக்கே அவரு இல்ல."

பூவாத்தாளுக்கு ஆறுதல் என்று ஒன்றும் வரவில்லை. வந்தது வேறு, சூடாக. மகள் கல்யாணத்தில் அண்ணன் கை கழுவுகிற இடத்தில் தனியாக நின்றுகொண்டு அவளையே பார்த்தார், ஏதோ சொல்ல வாயெடுத்தார், திட்டப்போகிறார் என்று அவள் பூக்கூடையைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடிவிட்டாள். திட்டு இல்லை. வேறு ஏதோ. ஒருவேளை தோசை என்றுகூடச் சொல்லியிருப்பார். ஒன்பது வருடம் அவள் வாயைக் கட்டிக்கொண்டு கிடந்தது, கண்ணுபட்டுத்தான் ஒரு உயிர் போயிற்றோ என்று விடியற்காலையில் உட்கார்ந்து உட்கார்ந்து அஞ்சியது, அதெல்லாம் இந்தத் தரையில் உட்கார்ந்திருக்கிற மனுசிக்கு முதல் நாளே தெரியும், பஸ்ஸிலேயே தெரியும். தெரிந்துகொண்டே சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். தம்பி ஊட்டுதா, அப்ப வேண்டாம். நங்கையின் தட்டு காலியாகிவிட்டது. இன்னும் கொண்டா என்று கேட்கவில்லை, எழுந்திருக்கவும் இல்லை, எச்சில் கை காயக் காய உட்கார்ந்திருந்தார். கரண்டி பூவாத்தாள் கையில் இருந்தது. பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க நங்கை. அவ்வளவு சொன்னால் போதும், பொய்கூட இல்லை, கடிகாரத்தில் ஏழு இருபத்தைந்து. மரியாதையான வார்த்தை, யாரும் குறை சொல்ல முடியாது, ஒன்பது வருடத்தையும் ஒரே வாயில் திருப்பிக் கொடுத்துவிடலாம். அது நாக்கு வரைக்கும் வந்தது. நங்கை விரிந்த கண்ணோடு அவள் நிற்கிற பக்கம் முகத்தைத் தூக்கினார். அவள் இல்லாத இடத்தைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், அவள் எங்கே என்று தெரியாமல் அந்த முகம் கொஞ்சம் இப்படியும் அப்படியும் அலைந்தது.

பூவாத்தாள் குனிந்து, குக்கரை ஒரு கையால் சாய்த்துப் பிடித்து, தலைதட்டாமல் ஒரு கரண்டி நிறைய அள்ளித் தட்டில் போட்டாள்.

"ஐயோ, போதும் புள்ள."

"சாப்புடுங்க," என்றாள். குரல் கொஞ்சம் கடுமையாகத்தான் வந்தது, அதை அவள் மாற்றிக்கொள்ளவில்லை. "எட்டேகாலுக்கு இன்னொரு பஸ் இருக்குது."